காட்டுத்தீக்குப் பிறகு நாய்களுக்கும் அவற்றை வளர்ப்பவர்களுக்கும் உதவ நினைப்பவருக்கு

மெல்பர்னின் கிழக்குப் புறநகரில் இருக்கிறீர்கள், ஐடி வேலை, ஒரு வாரம் விடுப்பு கையில் இருக்கிறது, காட்டுத்தீயில் கால் வெந்த நாய்களின் படங்களைப் பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை, வண்டியில் தண்ணீரும் நாய்த்தீனியும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "மனுஷனுக்கே வீடில்லை, இதில் நாய்க்கு என்ன அவசரம்" என்று வீட்டில் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆக, கேள்வி இரண்டு. பயிற்சி இல்லாத ஒருவரால் அங்கே உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? வீடு இழந்தவர்கள் மத்தியில் போய் நாயைக் கவனிப்பது நியாயம்தானா? முதல் கேள்விக்கு, முடியும், ஆனால் நீங்கள் நினைக்கிற வாரத்தில் இல்லை, நினைக்கிற விதத்திலும் இல்லை. இரண்டாவதைத்தான் முதலில் பேச வேண்டும், ஏனென்றால் அது தெளிவானால் மற்றது தானாகப் புரியும்.

நான் சென்னை வேப்பேரியில் படித்த கால்நடை மருத்துவர். இங்கே தேர்வெழுதிப் பதிவு செய்துகொண்டு விக்டோரியாவின் வடகிழக்கில் பல வருடங்களாக வேலை செய்கிறேன், பாதி நாள் நாய் பூனை, பாதி நாள் மாடு ஆடு. தீக்காலங்களில் நிவாரண மையங்களில் சிகிச்சை பார்த்திருக்கிறேன், அதற்குப் பிந்தைய மாதங்களில் அதே நாய்களையும் அதே மனிதர்களையும் என் கிளினிக்கில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நான் மனநல நிபுணன் இல்லை. கோவாலா, கங்காரு போன்ற காட்டு விலங்குகளின் சிகிச்சையும் என் துறை இல்லை, அதற்குத் தனிப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். அதனால் நாய், நாயை வளர்ப்பவர், அவர்களுக்கு நடுவே தன்னார்வலர், இந்த மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மனிதனா நாயா என்ற கேள்வி தீப்பிடித்த ஊரில் எழுவதே இல்லை. அங்கே இரண்டும் ஒரே வேலை. நாயை விட்டுவிட்டு வர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிடுபவர்கள், வெளியேறிய பிறகு நாய்க்காகத் திரும்பிப் போகிறவர்கள், இவர்களால் வெளியேற்றமே சிக்கலாகிறது என்பது உலகம் முழுக்கப் பேரிடர் மேலாண்மையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் கத்ரீனா புயலுக்கு அடுத்த வருடம், 2006-இல், வெளியேற்றத் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளையும் சேர்த்தாக வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். இங்கே 2019 டிசம்பர் 31 அன்று மல்லக்கூட்டா என்ற கடலோர ஊரைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் கடற்கரையில் மாட்டிக்கொண்டு, சாலை எல்லாம் அடைபட்டு, ஜனவரி 3-ஆம் தேதி கடற்படையின் எச்எம்ஏஎஸ் சூல்ஸ் கப்பலில் அவர்களை ஏற்றியபோது நாய்களையும் சேர்த்தேதான் ஏற்றினார்கள். நாயைக் கரையில் விட்டுவிட்டு ஏறு என்று சொல்லியிருந்தால் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு கண்காட்சி மைதானத்தில் நிவாரண மையம், குதிரைக் கொட்டகையில் எங்கள் மேசை. வயதான ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் ஆடு ஓட்டும் தன் கெல்பி இன நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். முந்தின நாள் முழுக்க ஆலோசகர்கள் இவரிடம் பேசிப் பார்த்திருக்கிறார்கள், "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. நாயின் முன்னங்காலில் இரண்டு பாத மெத்தைகள் உரிந்து தொங்கின, விரலிடுக்கில் கரித்துகள். நான் சலைன் ஊற்றி ஊற்றி ஒவ்வொன்றாக எடுக்க, அவர் நாயின் தலையைத் தன் கைமடிப்புக்குள் வைத்துப் பிடித்திருந்தார். அப்படிப் பிடித்தபடியே, என்னைப் பார்க்காமல், வெந்து கிடந்த தன் ஆடுகளைத் தானே சுட்டுத் தீர்க்க வேண்டி வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். நான் எதுவும் பதில் சொல்லவில்லை, கட்டுப்போடுவதை மெதுவாக்கினேன், அவ்வளவுதான். அந்த நேரத்தில் என்னைவிட உபயோகமாக இருந்தவர், அவருக்கு ஒரு நாற்காலியும் கையில் ஒரு டீயும் கொடுத்துவிட்டு, கட்டு மாற்ற மறுபடி எப்போது வர வேண்டும் என்று துண்டுச்சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்த தன்னார்வலர். மறுபடி வருவதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது. அப்படி வந்தபோதுதான் ஆலோசகரிடமும் உட்கார்ந்தார். வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சரி, இப்போது நீங்கள் கிளம்பும் விஷயம். முதல் வாரம் போகாதீர்கள். தீ அடங்கியதாகச் செய்தியில் சொன்னாலும் உள்ளே தரை அடங்கியிருக்காது. மரத்தின் வேர் பூமிக்குள்ளேயே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், மேலே பார்த்தால் வெறும் சாம்பல், கால் வைத்தால் உள்ளே நெருப்புக்குழி. தீயின்போது தப்பித்த நாய்கள் சில நாள் கழித்து இப்படிக் கால் வெந்து வருவதை நான் பார்த்திருக்கிறேன். அடிப்பக்கம் எரிந்துபோன யூகலிப்டஸ் மரங்கள் காற்றே இல்லாமல் சாயும். பழைய வீடுகளின் இடிபாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். இதையெல்லாம்விடப் பலருக்கும் தெரியாத ஓர் ஆபத்து வேலிக்கம்பங்களில் இருக்கிறது. இங்கே வேலிக்கும் பழைய வராந்தாக்களுக்கும் போட்டிருக்கிற பைன் மரம் பெரும்பாலும் கறையான் அரிக்காமல் இருக்க செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றப்பட்டது. அது எரிந்தால் மிஞ்சும் சாம்பலில் எடைக்கணக்கில் பத்து சதவீதம் வரை இந்த மூன்றும் இருக்கலாம். கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு ஆபத்து. நாய் அதில் நடந்து பாதத்தை நக்கினால் போதும். உப்புக்கு ஏங்கி மாடுகளும் அந்தச் சாம்பலை நக்கும். அதனால் எரிந்த இடத்திலிருந்து வருகிற எந்த நாயையும் முதலில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, பாதத்தை நக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுவுகிறவர் கையுறையும் முகமூடியும் போட்டிருக்க வேண்டும்.

இன்னொரு காரணம், அங்கே ஏற்கெனவே ஓர் ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கும். விக்டோரியாவில் பேரிடரில் கால்நடைகள், வளர்ப்பு விலங்குகள் நலனுக்கு மாநில வேளாண் துறையான அக்ரிகல்ச்சர் விக்டோரியா பொறுப்பு. வீடிழந்தவர்களின் நாய் பூனைகளைத் தங்கவைக்கும் பொறுப்பு உள்ளூர் கவுன்சிலுக்கு. விலங்கு நல அமைப்பான ஆர்எஸ்பிசிஏ, உள்ளூர் கிளினிக்குகள் இதோடு சேர்ந்து வேலை செய்யும். தெற்கு ஆஸ்திரேலியாவில் சாவெம் என்று கால்நடை மருத்துவர்களும் செவிலியர்களும் சேர்ந்த தன்னார்வ அமைப்பு இருக்கிறது, 2019-20 தீயில் கங்காரு தீவில் இறங்கி வேலை செய்தவர்கள். அவர்கள்கூட அதிகாரிகள் கூப்பிட்டால்தான் உள்ளே போவார்கள். வெட்ஸ் பியாண்ட் பார்டர்ஸ் அமைப்பும் பதிவு செய்த மருத்துவர்களையும் செவிலியர்களையும் அப்படித்தான் அனுப்புகிறது. கூப்பிடாமல் வண்டியில் வந்து நிற்கிறவரைச் சாலைத்தடுப்பில் இருக்கிற தீயணைப்புக்காரர்தான் கவனிக்க வேண்டியிருக்கும். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த மையம் இயங்குகிறது என்பதை மாநிலத்தின் பேரிடர்த் தகவல் சேவையான விக்எமர்ஜென்சி எண் 1800 226 226-இல் கேட்கலாம். ஆள் தேவையா என்பதைக் கவுன்சிலைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பொருள் அனுப்புவது பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஜனவரியில் கோவாலாக்களின் வெந்த பாதங்களுக்குத் துணிக் கையுறை தைத்துத் தாருங்கள் என்று ஒரு வேண்டுகோள் போனது, உலகம் முழுக்கத் தைத்து அனுப்பினார்கள், கொஞ்ச நாளிலேயே போதும் நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. நாய்த்தீனி மூட்டைகளும் அப்படித்தான் குவியும், அதைப் பிரிக்கவும் அடுக்கவும் எலி வராமல் காக்கவும் ஆள் வேண்டும். உள்ளூர்க் கடையும் அதே ஊரில்தான் பிழைக்கிறது, அதற்கு வியாபாரம் தேவை. பணமாகக் கொடுங்கள். நேரடியாக உதவத்தான் வேண்டும் என்றால், தீப்பட்ட ஊரின் கிளினிக்கைக் கூப்பிட்டு, வீடிழந்தவர்களின் நாய்களுக்கான கட்டு, மருந்துச் செலவுக்கு ஏதாவது கணக்கு வைத்திருக்கிறார்களா என்று கேட்டு அதில் போடுங்கள்.

எப்படியும் ஒருநாள் நிவாரண மையத்தில் நிற்பீர்கள் என்று வைத்துக்கொண்டு, நாயின் உடம்பு விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். தீக்காயம் புதிதாக இருந்தால் ஓடுகிற குழாய்த்தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பட்டு மூன்று மணி நேரம் வரைக்கும் இதில் பலன் உண்டு என்பது மனிதர்களுக்கு இங்கே சொல்லப்படும் முதலுதவி விதி, நாய்க்கும் அதையேதான் பின்பற்றுகிறோம். அந்த நேரத்தில் உடம்பின் மற்ற பாகத்தைப் போர்த்தி வைக்க வேண்டும், சின்ன நாய் சீக்கிரம் குளிர்ந்துபோகும். ஐஸ் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம், பற்பசை, மஞ்சள், தேன் எதுவும் வேண்டாம். நாங்கள் மருத்துவத் தேன் போட்டுக் கட்டுவது உண்டு, அது சுத்திகரித்த சரக்கு, காயத்தைச் சுத்தம் செய்த பிறகு போடுவது, சமையலறைப் பாட்டிலில் இருப்பது இல்லை. மனிதர் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

தீக்காயத்தின் முழு அளவு முதல் நாள் தெரியாது. முடி மூடியிருக்கும், தோல் கொஞ்சம் சிவந்த மாதிரி இருக்கும், மூன்று நான்கு நாள் போனால்தான் எது பிழைக்கும் எது உரியும் என்று தெரியவரும். புகையும் அப்படித்தான். மூச்சு சரியாக இருக்கிறதே என்று அனுப்பிவிட்டால் ஒன்றிரண்டு நாள் கழித்து நுரையீரல் வீங்கித் திணறிக்கொண்டு திரும்பி வரும். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவியை நாயின் நாக்கில் மாட்டிப் பார்த்து நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏமாறவும் வாய்ப்புண்டு, கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அந்தக் கருவி ஆக்சிஜன் ரத்தம் என்றே காட்டும். அதனால் தன்னார்வலரிடம் நாங்கள் எதிர்பார்ப்பது மருத்துவம் இல்லை, கண்ணும் நோட்டும். இந்த நாய் எத்தனை மணிக்குத் தண்ணீர் குடித்தது, எத்தனை முறை இருமியது, கண்ணைச் சுருக்கிக்கொண்டே இருக்கிறதா, ஒரு காலைத் தூக்கியே வைத்திருக்கிறதா. கண் மணியில் சாம்பல் உராய்ந்த புண்ணைச் சில சமயம் இப்படி ஒரு குறிப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம்.

பாதம் ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். உடம்பின் எடை முழுவதும் அதன் மேல்தானே. தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும், நனையாமல் பார்க்க வேண்டும், நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்ட வேண்டும். கூடாரத்திலோ கேரவனிலோ தங்கியிருக்கிற, காப்பீட்டுக் கம்பெனியோடு ஃபோனில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற ஒரு மனிதருக்கு இது பெரிய பாரம். கட்டு மாற்றும் நாளில் அவரையும் நாயையும் கிளினிக்குக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிட ஒரு வண்டி இருந்தால், அது எந்த மருந்துக்கும் குறைந்ததில்லை. இதற்கு உங்களுக்குத் தேவை ஒரு கார், பின்சீட்டில் ஒரு விரிப்பு, அப்புறம் சொன்ன நேரத்துக்கு வருகிற பழக்கம்.

காணாமல்போன நாய்கள் தனிக்கதை. இங்கே நாய்க்குத் தோலுக்கடியில் மைக்ரோசிப் போடுவது சட்டப்படி கட்டாயம், ஆனால் சிப்பில் இருப்பது ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் இருக்கும் ஃபோன் நம்பர் பழையதாக இருந்தால், அல்லது எரிந்துபோன வீட்டின் லேண்ட்லைனாக இருந்தால், நாய் கையில் இருந்தும் ஆள் கிடைக்கமாட்டார். இங்கேதான் ஐடிக்காரரான நீங்கள் உதவலாம். பிடிபட்ட நாய்களின் படம், சிப் எண், பிடித்த இடம், நாள் இவற்றை ஒரு பக்கம், தேடுகிறவர்களின் பதிவுகளை மறுபக்கம் வைத்து ஒப்பிடுவது, ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டுப் பார்ப்பது. இதை வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம், கவுன்சிலோ ஆர்எஸ்பிசிஏயோ ஒப்புக்கொண்டால். நாயின் எல்லா அடையாளங்களையும் பொதுவில் போட்டுவிடாதீர்கள், காலின் உள்பக்கத்தில் இருக்கிற ஒரு வெள்ளைப்புள்ளியை மறைத்து வையுங்கள், என்னுடையது என்று வருகிறவரிடம் கேட்டுச் சரிபார்க்க அது உதவும்.

மிரண்டு ஓடிய நாய் சொந்தக்காரர் கூப்பிட்டால்கூட வராது என்பதை நாய் பிடிப்பதில் பழகியவர்கள் எல்லோருமே சொல்வார்கள், நானும் பார்த்திருக்கிறேன். துரத்தினால் எரியாத காட்டுக்குள் இன்னும் ஆழமாகப் போய்விடும். தண்ணீரும் கொஞ்சம் தீனியும் வீட்டுக்காரர் உடுத்திய துணியும் வீடு இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அசைவுக்குப் படம் எடுக்கும் கேமரா ஒன்றை மாட்டிவிட்டு விலகிவிடுவதுதான் பொதுவான முறை. கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரை 2018 நவம்பரில் தீ அழித்தபோது, மேடிசன் என்ற அனடோலியன் ஷெப்பர்ட் கலப்பின நாய் எரிந்துபோன தன் வீட்டு மனையிலேயே கிட்டத்தட்ட ஒரு மாதம் காத்துக் கிடந்தது. தன்னார்வலர் ஒருவர் அங்கே தீனியும் தண்ணீரும் வைத்துக்கொண்டே இருந்தார், சொந்தக்காரரின் மணம் உள்ள துணியையும் போட்டு வைத்தார். துணி வைத்ததால்தான் நாய் நின்றதா, அது எப்படியும் நின்றிருக்குமா என்று கேட்டால் நிரூபணம் எதுவும் இல்லை. மணத்தால் நாய் திரும்பும் என்பது எங்கள் அனுபவம், ஆராய்ச்சி முடிவு இல்லை. ஆனால் தீனியும் தண்ணீரும் வைப்பதில் நஷ்டம் இல்லையே. பாம்பு, நரி வரும் என்பதை மட்டும் யோசித்து வைக்க வேண்டும்.

அடுத்து நாயின் மனசு. நாய்க்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் வருமா என்று பலர் கேட்கிறார்கள். ராணுவ நாய்களில் அப்படி ஒன்றைக் கண்டு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை மனித நோயோடு சமமாக வைக்கலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. பெயர் எப்படியும் போகட்டும், நடப்பது கண்முன் தெரிகிறது. வடக்கிலிருந்து வெப்பக்காற்று அடித்தால் நடுங்குவது, பக்கத்து வீட்டு பார்பிக்யூ புகைக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விடுவது, சைரனுக்கு மூத்திரம் போவது, ஆளை விட்டு ஓரடி நகராமல் இருப்பது. சில நாய்களில் இது சில வாரத்தில் குறையும், சிலவற்றில் அடுத்த கோடை வந்ததும் புதிதாக ஆரம்பிக்கும். பயந்த நாயை அணைத்துக்கொண்டால் பயம் வளர்ந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை, அதைத் தைரியமாக விட்டுவிடலாம். திட்டுவதும் அடிப்பதும் நிலைமையை மோசமாக்கும் என்பது உறுதி. ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே வழியில் நடை, ஒளிந்துகொள்ள ஓர் இடம், இவை உதவும். மருத்துவர் கொடுக்கும் பதற்றத்துக்கான மாத்திரைகள் பல நாய்களுக்கு நன்றாகவே வேலை செய்கின்றன, வெட்கப்படாமல் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். இறுக்கிக் கட்டும் சட்டை, வாசனைத் தெளிப்பான், மூலிகைச் சொட்டு இவற்றுக்கெல்லாம் ஆதாரம் பலவீனம். கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் காசில்லாமல் நிற்கிறவரிடம் போய் இவற்றை வாங்கச் சொல்லாதீர்கள்.

ஆளின் பதற்றம் நாய்க்கு ஒட்டுமா? 2019-இல் ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்க்கும் பெண்களின் தலைமுடியையும் சோதித்து, மனஅழுத்த ஹார்மோனான கார்டிசாலின் நீண்டநாள் அளவு இரு பக்கமும் சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று கண்டார்கள். அது அமைதியான நாட்களில் எடுத்த கணக்கு, தீப்பட்ட குடும்பங்களில் எடுத்ததில்லை. ஆனாலும், தூங்காத மனிதரின் நாய் தூங்காது என்பதை என் மேசையில் தொடர்ந்து பார்க்கிறேன், அதனால் நாயின் தூக்கத்தைப் பற்றிக் கேட்கும்போதே "நீங்க தூங்கறீங்களா?" என்றும் கேட்டுவிடுவேன்.

பண்ணை நாய்களுக்கு இன்னொரு சிக்கல். கெல்பியும் பார்டர் கோலியும் வேலைக்காகவே வளர்ந்தவை. கோரியாங் பக்கத்தில் 2019-இன் கடைசி நாள் தீயில் பேட்சி என்ற நாய், வண்டியில் வந்த தன் எஜமானரோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான ஆடுகளை ஓட்டிப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்தது செய்தியாக வந்தது, படித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட நாய்க்கு மறுநாள் ஓட்ட ஆடே இல்லை என்றால் என்ன ஆகும்? வேலியைச் சுற்றிச் சுற்றி ஓடும், சங்கிலியைக் கடிக்கும், கார்களை விரட்டும். வேலியும் எரிந்திருந்தால் பக்கத்துப் பண்ணைக்குப் போகும், அங்கே மிஞ்சியிருக்கும் ஆட்டை விரட்டினால் அந்தப் பண்ணைக்காரர் அதைச் சுடச் சட்டம் அனுமதிக்கிறது. தீயில் பிழைத்த நாய் இப்படிச் சாவதைப் போலக் கொடுமை வேறில்லை.

அதனால்தான் உங்கள் ஒரு வார விடுப்பை நான் எதற்குச் செலவிடச் சொல்வேன் என்றால், வேலி போடப் போங்கள். பிளேஸ்எய்ட் என்று ஓர் அமைப்பு. 2009 பிப்ரவரி 7, கறுப்புச் சனிக்கிழமை என்று இங்கே சொல்கிறார்களே, 173 பேர் இறந்த அந்தத் தீக்குப் பிறகு, கில்மோர் ஈஸ்டில் தங்கள் வேலி எரிந்து ஆடுகளை அடைக்க வழியில்லாமல் நின்ற ஒரு தம்பதி, அக்கம்பக்கத்தாரின் உதவியால் தங்கள் வேலியைப் போட்டு முடித்த கையோடு மற்றவர்களுக்கும் போட ஆரம்பித்ததில் தொடங்கியது. இப்போது தீயோ வெள்ளமோ வந்த ஊரில் முகாம் போட்டுத் தங்கி, எரிந்த கம்பியைச் சுருட்டி எடுப்பதிலிருந்து புதுக் கம்பம் நடுவது வரை செய்கிறார்கள். அனுபவம் தேவையில்லை, சொல்லித் தருவார்கள். கம்பி இழுக்கும்போது பண்ணைக்காரரும் பக்கத்தில் நிற்பார், மதியம் சேர்ந்து சாப்பிடுவார், நாய் உங்கள் காலடியில் வந்து படுக்கும். நாயை அவிழ்த்துவிட ஒரு மூடிய இடம் அந்த வீட்டுக்குக் கிடைக்கிறது. முகாம்கள் மாதக்கணக்கில் நடக்கும், படங்கள் எல்லாம் செய்தியிலிருந்து மறைந்த பிறகு ஆள் குறையும், அப்போது போனால் கூடுதல் உபயோகம்.

உங்கள் வீட்டில் இடமும் மனசும் இருந்தால் தற்காலிகமாக ஒரு நாயை வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய உதவி. 2019-20 கோடையில் நாடு முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. புது வீடு கட்ட ஒன்றிரண்டு வருடம் சாதாரணமாக ஆகும், அதுவரை வாடகைக்குப் போகிற இடத்தில் இரண்டு பெரிய நாய்கள் என்றால் வீடு கிடைப்பது கஷ்டம். விக்டோரியாவில் 2020 மார்ச் முதல் வீட்டுக்காரர் தகுந்த காரணம் இல்லாமல் வளர்ப்பு விலங்குக்கு மறுப்புச் சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஆனால் அது குடியிருக்கிறவருக்குத்தான் உதவும், வீடு தேடுகிறவரை ஏஜென்ட் ஓரங்கட்டுவதைத் தடுப்பது கடினம். இப்படி நெருக்கடியில் நாயைக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு, அப்புறம் அதையே வருடக்கணக்கில் சொல்லி அழுகிறவர்களும் உண்டு. நீங்கள் வைத்துக்கொள்வதாக இருந்தால் கவுன்சில், ஆர்எஸ்பிசிஏ போன்ற ஓர் அமைப்பு மூலமாகவே செய்யுங்கள், எத்தனை மாதம், மருத்துவச் செலவு யாருடையது என்பதை எழுதி வையுங்கள். சிப் அவர் பெயரிலேயே இருக்கட்டும். நாயின் பெயரை மாற்றாதீர்கள். வாரம் ஒரு வீடியோ அனுப்புங்கள், அதுவும் அவர் கேட்காமலே. உங்களுக்கு அந்த நாய்மேல் பாசம் வந்துவிடும், அது இயல்பு, ஆனால் "இங்கேயே சந்தோஷமா இருக்கு" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். "உங்க குரலை ஃபோன்ல கேட்டதும் காதைத் தூக்கிச்சு" என்று, அப்படி நடந்திருந்தால், சொல்லுங்கள்.

மனிதர்களிடம் பேசும் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், உளவியல் முதலுதவி வகுப்பில் கற்றது. பார், கேள், இணை என்று மூன்று படி சொல்வார்கள். அவருக்கு உடனே என்ன தேவை என்று பார்ப்பது, சொல்வதைக் கேட்பது, உதவக்கூடியவரோடு சேர்த்துவிடுவது. கதை கேட்டுத் துருவக் கூடாது. "உயிர் மிஞ்சியதே பெரிசு", "வேற நாய் வாங்கிக்கலாம்", இந்த இரண்டையும் சொல்லவே சொல்லாதீர்கள். நாயை அவிழ்த்துவிட நேரமில்லாமல் வெளியேறியவர்கள் இருப்பார்கள், சங்கிலியோடு விட்டுவந்ததைத் தாங்களே சொல்வார்கள், அப்போது உங்கள் முகத்தில் ஒரு நொடி தெரிகிற அதிர்ச்சிகூட அவருக்குத் தீர்ப்பாக விழும். தீ எவ்வளவு வேகமாக வந்தது என்று அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் பியாண்ட் புஷ்ஃபயர்ஸ் ஆய்வு கறுப்புச் சனிக்கிழமை ஊர்களைப் பல வருடம் தொடர்ந்தது. பெரும்பாலோர் மீண்டார்கள், ஆனால் கணிசமானவர்களுக்கு வருடங்கள் கழித்தும் மனநலச் சிக்கல் நீடித்தது. உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றி யாராவது பேசினால் நீங்களே சமாளிக்க முயலாதீர்கள், பக்கத்திலேயே இருந்துகொண்டு 13 11 14 என்ற லைஃப்லைன் எண்ணைக் கூப்பிடுங்கள், உடனடி ஆபத்து என்றால் அவசர எண் 000.

உங்கள் லாப்ரடாரையும் கூட்டிப்போகலாமா, மற்றவர்களுக்கு ஆறுதலாக இருக்குமே என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஆறுதல் தருவதற்கென்று பரிசோதித்துப் பதிவு செய்த நாய்கள் தனி, அவற்றோடு வருகிறவர்களுக்கும் பயிற்சி உண்டு. உங்களுடையது எவ்வளவு சாதுவாக இருந்தாலும், புகை மணக்கும் கொட்டகையில் மிரண்டுபோன இருபது நாய்களுக்கு நடுவில் எப்படி நடந்துகொள்ளும் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. தன் நாயை நேற்று இழந்த ஒருவர் அதே நிறத்தில் ஒன்றைப் பார்க்க நேரலாம். அதை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். போவதற்கு முன்னால் அதன் மைக்ரோசிப் பதிவில் இருப்பது உங்கள் இப்போதைய ஃபோன் நம்பர்தானா என்று பாருங்கள், இல்லையென்றால் இன்றைக்கே மாற்றுங்கள், உங்கள் புறநகருக்குப் பின்னால் இருப்பதும் தீப்பிடிக்கக்கூடிய டேண்டனாங் மலைதான்.